கடற்பாசி வளர்ப்பு: மிதவை, மீன்கூண்டு, வயல், சமையலறை

கேள்வியின் சுருக்கம் இது: இராமநாதபுரம் கடற்கரையில் பாசி மிதவை போடலாமா? மீன்கூண்டோடு சேர்த்தால் கூடுதல் பலன் உண்டா? பாசிச்சாறு உரத்துக்கு மாற்றாகுமா? தினமும் பாசி சாப்பிட்டால் தைராய்டுக்கு நல்லதா? இதனால் கடலுக்குக் கெடுதல் வருமா?

ஐந்துக்கும் விடை ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. பாசிக்கு வேர் கிடையாது. பாறையைப் பிடித்துக்கொள்ள அடியில் ஒரு பற்றுறுப்பு இருக்கும், ஆனால் அது சத்தை உறிஞ்சாது. தழைச்சத்து (நைட்ரஜன்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), அயோடின் என எல்லாவற்றையும் உடம்பின் மேற்பரப்பு வழியாகவே நேராகத் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொள்ளும். உடம்பெல்லாம் வாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீன்கூண்டின் கழிவைக் குடிப்பதற்கும், சாற்றில் பொட்டாசியம் மிகுந்திருப்பதற்கும், சில வகைகளில் ஆர்சனிக் சேர்வதற்கும் இந்தக் குணம்தான் காரணம். நல்லது கெட்டது பார்த்து உறிஞ்சத் தெரியாத பயிர் இது.

முதலில் பெயர்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும், இங்கேதான் பாதிக் குழப்பம். மன்னார் வளைகுடாவில் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் சிவப்பு வகை. இவற்றிலிருந்து அகர் எனும் இறுகும் கூழ்ப்பொருள் வரும். கட்டக்கோரையும் பக்கோடாப் பாசியும் பழுப்பு வகை. இவை ஆல்ஜினேட் எனும் கெட்டியாக்கும் பொருளை எடுக்கும் ஆலைக்குப் போகும். மிதவையில் வளர்ப்பது இவை எதுவும் அல்ல, காப்பாஃபைகஸ் அல்வரேசி. பிலிப்பைன்ஸ் வகையான இதை பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் 1984-இல் ஜப்பானிலிருந்து வாங்கிவந்தது. முதலில் குஜராத் கரையில் வளர்த்துப் பார்த்து, 1990-களின் நடுவில் இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். 2000-க்குப் பிறகு பெப்சி நிறுவனம் வணிக அளவில் இறங்கியதால் ஊரில் அதன் பெயர் இன்றும் ‘பெப்சி பாசி’. இதிலிருந்து கிடைக்கும் கராகீனன் ஐஸ்கிரீம், சாக்லேட் பால், பற்பசை போன்றவற்றைக் கெட்டியாக்கும். கடற்புல் என்பது வேறு. அதற்கு வேர், இலை, பூ எல்லாம் உண்டு, கடற்பசு மேய்வதும் அதைத்தான். ஸ்பைருலினா எனும் சுருள்பாசியும் கடற்பாசி அல்ல.

இனி மிதவை. 12 அடிக்கு 12 அடிச் சதுரம், 3 முதல் 4 அங்குலத் தடிமனுள்ள மூங்கில். ஓட்டை, வெடிப்பு இருந்தால் தண்ணீர் புகுந்து மூழ்கும். தட்டிப் பார்த்து வாங்குங்கள். நான்கு மூலைகளிலும் 4 அடி மூங்கிலைக் குறுக்காகக் கட்டினால்தான் அலையில் சட்டம் கோணாது. உள்ளே 3 மில்லிமீட்டர் பாலிப்ரொப்பிலீன் கயிறு 20 வரிசை. ஒவ்வொரு கயிற்றிலும் 15 செ.மீ. இடைவெளியில் 20 விதைத் துண்டு, துண்டுக்கு 150 கிராம். மொத்தம் 400 துண்டு, 60 கிலோ விதைப்பாசி. அடியில் பழைய மீன்வலையை இழுத்துக் கட்ட வேண்டும். இது மேய வரும் மீன்களைத் தடுக்கும், அறுந்து விழும் துண்டுகளையும் பிடிக்கும். இந்த இரண்டாவது வேலையின் அருமை கடைசிப் பகுதியில் புரியும். பத்து மிதவைகளை ஒன்றோடொன்று பிணைத்து நங்கூரமிடுவது வழக்கம்.

இடத் தேர்வில் பார்க்க வேண்டியவை: கடல் நன்றாக வற்றும் நேரத்திலும் ஒரு மீட்டருக்குக் குறையாத ஆழம், மணல் அடித்தளம், தெளிந்த நீர், மிதமான நீரோட்டம். உப்பளவு ஆயிரத்துக்கு 30-க்குக் கீழே போகக் கூடாது, வெப்பம் 26 முதல் 30 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. நீரோட்டமே இல்லாத அமைதியான இடத்தைத் தேடிப் போவது புதிதாக வருவோர் செய்யும் தவறு. தண்ணீர் நகராவிட்டால் பாசியைச் சுற்றியுள்ள சத்து தீர்ந்துபோகும், வண்டலும் படியும். ஆற்று முகத்துவாரம், ஓடை வாய் வேண்டவே வேண்டாம்.

விதையை 25 முதல் 30 நாள் வயதுள்ள, நுனி கூர்மையாக, நிறம் குன்றாமல், உடைத்தால் ‘டக்’கென முறியும் பாசியிலிருந்து எடுங்கள். வழவழப்பாக, தொட்டால் நசுங்குவது விதைக்கு ஆகாது. கொண்டுவரும்போது கடல்நீரில் நனைத்த சாக்கு மூடி நிழலில் வைக்க வேண்டும். காய்கிறதே என்று நல்ல தண்ணீர் தெளித்தால் செல்கள் வெடித்து எல்லாம் வீண். கட்டும் வேலையும் நிழலில்தான், அன்றைக்கே கடலில் இறக்கிவிட வேண்டும்.

45 நாளில் அறுவடை. நன்றாக விளைந்தால் ஒரு மிதவையில் 260 கிலோ வரை கிடைக்கும். அதில் 60 கிலோவை மறு விதைக்கு எடுத்துவைத்தால் மிச்சம் 200 கிலோ ஈரப்பாசி, காய்ந்தால் 20 கிலோ. ஒரு குடும்பம் 45 மிதவை வைத்து நாளுக்கு ஒன்றாகச் சுற்றி அறுப்பதுதான் மண்டபம் பக்கம் சொல்லப்படும் கணக்கு. காய்ந்த பாசிக்கு உங்கள் வியாபாரி தரும் விலையை 20-ஆல் பெருக்கினால் ஒரு நாள் வரவு தெரியும்.

ஆனால் இந்தக் கணக்கு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதையும் பாருங்கள். 60 கிலோ 45 நாளில் 260 ஆக, பாசி நாளுக்குச் சுமார் 3.3 சதவீதம் வளர வேண்டும். வளர்ச்சி 2 சதவீதமாகக் குறைந்தால் அதே 45 நாளில் 146 கிலோதான். விதை போக மிச்சம் 86. வளர்ச்சி மூன்றில் ஒரு பங்கு சற்றே கூடுதலாகக் குறைந்தால் விற்பனைக்கு வருவது பாதிக்கும் கீழே போய்விடுகிறது. கூட்டுவட்டி மாதிரிதான், குறையும்போதும் கூட்டாகவே குறையும். இதற்கு மேல் ஒரு மாதம் கடலே இறங்க விடாமல் வாடைக்காற்று அடிக்கும். ஆண்டுக்கு எட்டு அறுவடை என்று காகிதத்தில் போடுபவரை நம்பாதீர்கள். நான்கைந்து சுற்று ஒழுங்காக வந்தாலே நல்ல ஆண்டு.

என்னென்ன கெடுக்கும்? முதலில் வெப்பம். கோடையில் ஆழமில்லாத நீர் 32 டிகிரியைத் தாண்டும்போதும், திடீர் மழையில் மேல்நீரின் உப்பு குறையும்போதும் பாசியின் கிளைகளில் வெள்ளைத் திட்டு விழும். பிறகு அந்த இடத்திலேயே ஒடிந்துவிடும். பிலிப்பைன்ஸ் விவசாயிகள் இதற்கு வைத்த பெயர் ‘ஐஸ்-ஐஸ்’. பாக்டீரியா காணப்பட்டாலும் அது பின்னால் வருவதே. உள்ளபடி காரணம், பாசி ஏற்கெனவே தளர்ந்திருப்பது. அதனால் மருந்து கிடையாது. வெள்ளை விழுந்த கிளைகளை உடனே வெட்டிக் கரைக்குக் கொண்டுவரலாம், மிதவையைச் சற்று ஆழமான நீருக்கு இழுக்கலாம், 45 நாள் ஆகாவிட்டாலும் அறுத்துவிடலாம். 2012-13 வாக்கில் உச்சத்தில் இருந்த தமிழக உற்பத்தி அடுத்த ஓரிரு ஆண்டுகளில் பெருவாரியாகப் பாசி செத்துச் சரிந்தது. எல்லா மிதவையிலும் இருந்தது ஒரு கைப்பிடி விதையிலிருந்து துண்டு துண்டாகப் பெருக்கிய ஒரே குலம். ஒன்றுக்கு ஆகாதது எல்லாவற்றுக்கும் ஆகவில்லை. புதிய விதை வேண்டும் என்ற குரல் அப்போதிருந்தே உண்டு. வெளிநாட்டிலிருந்து உயிருள்ள பாசியைத் தனிமைப்படுத்திச் சோதித்துக் கொண்டுவருவதற்கான நடுவண் அரசின் வழிகாட்டுதல் 2024-இல்தான் வந்தது.

அடுத்து மேய்ச்சல். ஓரா மீன் கூட்டம் வந்தால் நுனிகளை மட்டும் கத்தரித்தது போல இருக்கும். அடிவலையில் ஓட்டை இருக்கிறதா என்று அப்போதே பாருங்கள். மூன்றாவது, பாசி மேல் பாசி. மயிர் போன்ற நுண்ணிய சிவப்புப் பாசி படர்ந்து தோலைத் துளைக்கும். வாரம் இரண்டு முறை கயிற்றைத் தூக்கி உலுக்கினால் வண்டலோடு அதில் பாதி போகும். இந்தச் சலிப்பூட்டும் வேலையைச் செய்பவருக்கும் செய்யாதவருக்கும் உள்ள வித்தியாசம் அறுவடையில் தெரியும்.

காய வைப்பதை மணலில் செய்யாதீர்கள். வலை விரித்தோ, தரையிலிருந்து உயர்த்திய மேடையிலோ 2, 3 நாள் வெயில் போதும். கராகீனனுக்குப் போகும் பாசியில் 35 சதவீதம் அளவுக்கு ஈரம் இருக்கலாம். அதைவிட ஈரமாக மூட்டை கட்டினால் உள்ளே சூடேறி நொதிக்கும். காயும் பாசி மழையில் நனைந்தால் வெளுத்துப்போய்க் கூழ்த்தன்மையை இழக்கும். மணலும் உப்பும் எடையைக் கூட்டும் என்று உதறாமல் விடுவோர் உண்டு. ஆலையில் அதைக் கழித்துவிட்டு அடுத்த முறை எல்லோருடைய விலையிலும் கை வைப்பார்கள்.

மூங்கில் மிதவைக்குப் பதில் குழாய் வலை, ஒற்றைக் கயிறு முறைகளும் உள்ளன. அலை மிகுந்த இடத்தில் மூங்கில் உடையும், குழாய் வலை நெளிந்து கொடுக்கும். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் மிதவை ஒன்றின் அலகுச் செலவு 1,500 ரூபாய், கயிறு அல்லது குழாய் வலை அலகு ஒன்றுக்கு 8,000 ரூபாய் என்று வகுத்தார்கள். பொதுப் பிரிவினருக்கு 40, பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீத மானியம் என்றிருந்தது. விண்ணப்பிக்கும் முன் நடப்பு விதியை மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மீன்கூண்டோடு சேர்ப்பது பற்றி. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையம் கடல்விறால் கூண்டு ஒன்றைச் சுற்றி 16 மிதவைகளை அரைவட்டமாக நிறுத்திச் சோதித்தது. தனியாக நின்ற மிதவைகளைவிடக் கூண்டருகே விளைச்சல் தெளிவாகவே அதிகம். காரணம் எளிது. மீன் தின்னும் புரதத்தில் உள்ள தழைச்சத்தில் ஏறக்குறைய கால் பங்கே சதையாகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேறும், பாசி அதை உடனே பிடித்துக்கொள்ளும்.

ஆனால் ‘பாசி கூண்டைச் சுத்தம் செய்துவிடும்’ என்று படிப்பதை அளந்து பாருங்கள். 45 சதவீதப் புரதமுள்ள தீவனம் ஒரு டன்னில் தழைச்சத்து 72 கிலோ. அதில் கால் பங்கு மீனுக்குப் போனால் கடலுக்கு 54 கிலோ. 16 மிதவையில் நான்கு அறுவடை என்றால் 1,280 கிலோ காய்ந்த பாசி. அதில் தழைச்சத்து 1 சதவீதம் என்று வைத்தால் கரைக்கு வருவது 13 கிலோவுக்கும் குறைவு. கூண்டருகே விளைச்சல் ஒன்றரை மடங்கானாலும் 20 கிலோவைத் தாண்டாது. ஒரு பருவத்துக்குக் கூண்டுக்குப் போடும் தீவனமோ ஒரு டன்னோடு நிற்பதில்லை. ஆகவே பாசி கழிவின் ஒரு பங்கைப் பணமாக்கும், அவ்வளவே. தின்னாத தீவனமும் மீனின் மலமும் திடப்பொருள். அதைப் பாசி தொடாது, ஆளிச் சிப்பியும் கடல் அட்டையும் போன்றவைதான் தின்னும். இன்னொன்று, கூண்டை நெருக்கி வட்டமாக மிதவையால் அடைத்தால் நீரோட்டம் தடைப்படும். பகலில் ஆக்சிஜன் விடும் பாசி இரவில் மீனோடு போட்டியிட்டு அதையே எடுத்துக்கொள்ளும், விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். 15 அடியாவது தள்ளி, நீரோட்டம் கூண்டைக் கடந்து போகும் பக்கமாக நிறுத்துங்கள்.

இறால் குட்டையில் நேரடியாகப் பாசி போடுவது பெரும்பாலும் தோல்வியே. கலங்கிய நீரில் வெளிச்சம் கிடைக்காது. கழிவுநீரை ஒரு தனித் தொட்டியில் தெளியவிட்டு, அதில் கஞ்சிப் பாசி இனத்தை வளர்ப்பது நடக்கக்கூடிய வழி. தென்னாப்பிரிக்காவில் அபலோன் எனும் கடல் நத்தையை வளர்க்கும் பண்ணைகள் கழிவுநீரில் பச்சைப் பாசியை வளர்த்து அதையே அபலோனுக்குத் தீனியாகத் திருப்பிப் போடுகின்றன. இந்தச் சுற்றின் நேர்த்தியை மிஞ்ச ஒன்றும் இல்லை.

வயலுக்கு வருவோம். காப்பாஃபைகஸை ஈரமாகவே அரைத்துப் பிழிந்தால் சாறு தனி, சக்கை தனி. சாறு பயிருக்கு, சக்கை கராகீனனுக்கு. இரண்டையும் ஒரே பாசியிலிருந்து எடுக்கும் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றது மேலே சொன்ன பாவ்நகர் நிறுவனம்தான். சாற்றில் பொட்டாசியம், சைட்டோகைனின், ஆக்சின் போன்ற வளர்ச்சி ஊக்கிகள், கிளைசின் பீட்டைன் எல்லாம் உண்டு. அடர்வுச் சாற்றின் வழக்கமான அளவு லிட்டர் நீருக்கு 2.5 மில்லி, ஏக்கருக்கு 100 லிட்டர் நீரில் 250 மில்லி. அந்தச் சாற்றில் 28 சதவீதம் பாசிப் பொருள் இருந்தாலும் ஏக்கருக்குப் போய்ச் சேரும் பாசிப் பொருள் 70 கிராம்தான். நெல் எடுக்கும் சாம்பல்சத்தோ ஏக்கருக்குப் பத்து கிலோக் கணக்கில். 70 கிராம் எப்படி அதற்கு மாற்றாகும்? இது உரம் அல்ல, ஊக்கி. இந்தியாவில் 2021 பிப்ரவரியில் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்தபோதும் ‘உயிர் ஊக்கி’ என்ற தனி வகையில்தான் சேர்த்தார்கள். அடியுரத்தை நிறுத்திவிட்டுச் சாறு மட்டும் அடித்தவரின் வயல் மூன்றாம் போகத்தில் வெளிறும்.

சாறு உதவுவது பயிர் சிரமப்படும் நேரத்தில்: தூர் கட்டும் போது, பூக்கும் முன், மணி பிடித்த பிறகு. காலையிலோ மாலையிலோ இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளிக்க வேண்டும். பிழிந்த சாற்றை அடர்த்தி ஏற்றாமல் அப்படியே பயன்படுத்தினால் 100 லிட்டர் கலவைக்கு 5 முதல் 10 லிட்டர் போதும். கூட்டினால் பலன் கூடாது, உப்பால் இலை நுனி கருகும். செம்பு மருந்து, சுண்ணாம்புக் கரைசலோடு கலக்கும் முன் ஒரு பாட்டிலில் கலந்து அரை மணி நேரம் வையுங்கள். திரிந்தால் தெளிப்பான் மூக்கு அடைக்கும்.

கரை ஒதுங்கும் கட்டக்கோரையைத் தென்னைக்குப் போடுவது கடற்கரை ஊர்களின் பழைய வழக்கம், நல்ல வழக்கமும்கூட. குவித்து ஒரு மழைக்காலம் உப்புக் கழிய விட்டு, சாணமும் தழையும் மூன்று பங்கு கலந்து மக்கவைத்தால் போதும். கீரைப் பாத்திக்கு மட்டும் வேண்டாம். பழுப்புப் பாசியில் ஆர்சனிக் இருக்கலாம், கீரையை நாம் இலையோடு தின்கிறோம்.

மாட்டுத் தீவனத்தில் அஸ்பரகாப்சிஸ் எனும் சிவப்புப் பாசியைச் சிறிதளவு சேர்த்தால் மீத்தேன் பெருமளவு குறைகிறது என்ற செய்தி உண்மை. அதிலுள்ள புரோமோஃபார்ம் இரைப்பை நுண்ணுயிரின் ஒரு நொதியைத் தடுக்கிறது. மற்றப் பாசிகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த வேலை தெரியாது. ஊர்ப் பாசியைப் போட்டுவிட்டு அதே பலனைச் சொல்லி விற்பவரிடம் கவனம்.

சாப்பாடு. நோன்பு திறக்கும் மாலைகளில் பாலும் சீனியும் சேர்த்துச் செய்யும் ‘கடல்பாசி’ எதுவோ அது அகர். கடையில் சைனா கிராஸ். கொதி வரும் வரை காய்ச்சினால்தான் முழுதும் கரையும், 40 டிகிரிக்குக் கீழே இறுகும். ஒரு லிட்டருக்கு 10 கிராம் அகர் நாடா சரியான அளவு. எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பை இறக்கிய பின்பே சேர்க்க வேண்டும், கொதிக்கும்போது சேர்த்தால் இறுகாது. சத்தென்று பார்த்தால் அகர் கிட்டத்தட்ட வெறும் நார்ச்சத்து. குடலுக்கு நல்லது, தைராய்டுக்கு எதுவும் செய்யாது. பொடியை வறண்ட நிலையில் விழுங்காதீர்கள், தொண்டையிலேயே உப்பும்.

அயோடின் கதை வேறு. பெரியவருக்கு ஒரு நாளுக்கு 150 மைக்ரோகிராம் போதும். நம் அயோடின் உப்பில் வீட்டுக்கு வரும்போது குறைந்தது பத்து லட்சத்தில் 15 பங்கு இருக்க வேண்டும் என்பது சட்டம், அதாவது 10 கிராம் உப்பிலேயே 150 மைக்ரோகிராம் வந்துவிடும். ஜப்பானியர் ‘கொம்பு’ என்று அழைப்பது முதலான, கெல்ப் எனும் பெரிய பழுப்புப் பாசிகளில் ஒரே கிராமில் ஆயிரம் மைக்ரோகிராமுக்கு மேலும் இருக்கலாம். அமெரிக்க வரம்பு நாளுக்கு 1,100, ஐரோப்பிய வரம்பு 600. மிகுதியான அயோடின் தைராய்டைக் கூட்டவும் செய்யும், முடக்கவும் செய்யும். எனவே தைராய்டுக்கு மருந்து எடுப்பவர், கர்ப்பிணிகள் கெல்ப் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். சூஷி சுற்றும் நோரி பாசித் தாளில் அயோடின் கெல்ப்பைவிட மிகக் குறைவு, எப்போதாவது தின்பதில் பயமில்லை. ஹிஜிக்கி எனும் கறுப்பு நாரில் கனிம ஆர்சனிக் அதிகம். அதைத் தவிர்க்கும்படி பிரிட்டன் உணவுத் தர முகமை 2004-லேயே சொன்னது. சிறுநீரக நோயாளிகளுக்குப் பாசியின் பொட்டாசியமும் சிக்கல்.

கடைசியாகக் கடல். இயற்கைப் பாசிப் படுகை மீன் குஞ்சுகளுக்கு மறைவிடம், நத்தைக்கும் ஓராவுக்கும் மேய்ச்சல். மரிக்கொழுந்துப் பாசியைப் பற்றுறுப்போடு பிடுங்கினால் அந்த இடம் நீண்ட காலம் மொட்டையாகக் கிடக்கும். அடி மிச்சம் வைத்துக் கிள்ளினால் திரும்பத் தழைக்கும். கையில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கும் பாம்பன் பக்கப் பெண்கள் இதை நன்றாக அறிவார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதம் 12 நாள் மட்டும் எடுப்பது, கோடையில் 45 நாள் நிறுத்துவது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்கள் சார்பில் சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் தீவுச் சூழலைக் காக்கும் சீகாலஜி அமைப்பின் விருது கிடைத்தது. ஆனால் 1986-இல் தேசியப் பூங்காவான 21 தீவுகளின் நீரில் எடுப்பது சட்டப்படி குற்றம். அந்த முரண் இன்னும் தீரவில்லை.

வளர்ப்புப் பாசி கொண்டுவரும் ஆபத்து நேரெதிரானது, அது அளவுக்கு மீறித் தழைப்பது. மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவருகே கிளைப் பவளங்களின் மேல் காப்பாஃபைகஸ் படர்ந்து மூடியது 2008-இல் ஆய்விதழில் பதிவானது. வெளிச்சம் மறைந்தால் பவளம் செத்துவிடும். கையால் பிடுங்கினாலும் விரல் அளவு துண்டு மிஞ்சினால் மறுபடி வளரும். ஹவாயின் கனியோஹே வளைகுடாவில் 1970-களில் சோதனைக்கு விட்ட இதே இனத்தை அகற்ற, பின்னாளில் உறிஞ்சு குழாயும் கடல் முள்ளெலியும் தேவைப்பட்டன. இப்படிப் பரவலாம் என்ற அச்சத்தால்தான் தமிழக அரசு 2005-லேயே வளர்ப்பை பாக் விரிகுடாவின் வடக்கும் தூத்துக்குடிக்குத் தெற்கும் என்று வரம்பிட்டது. உங்கள் கிராமம் எந்தப் பக்கம் என்பதை மூங்கில் வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். வரம்புக்குள்ளும் கடற்புல் வெளிக்கு மேலே மிதவை வேண்டாம். நிழலில் புல் கருகும், நங்கூரம் இழுத்துக் கிழிக்கும். அறுவடையில் உதிரும் துண்டு, அறுந்த கயிறு, பழைய அடிவலை எல்லாம் படகிலேயே கரைக்கு வர வேண்டும். வாடை தொடங்கும் முன் மிதவைகளையும் ஏற்றிவிடுங்கள். புயலில் உடையும் ஒவ்வொரு மிதவையும் 400 துண்டு விதையைக் காற்று போகிற பக்கமெல்லாம் கொண்டுபோகும்.